முக்குளிக்கக் காசு உண்டு, பேசப் போகக் காசில்லை

ஆழ்கடல் உயிரியல் கருத்தரங்குக்குப் போவதை 'ஃபாரின் டூர்' என்று கிண்டலடிக்கிறவர்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மென்பொருள்காரன். தண்டலத்தில் வாடகை வீடு, ஒரகடத்தில் வேலை. என் டீமில் ஒருத்தர் மூன்று நாள் மீட்டிங்குக்கு ஜெர்மனி போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை, டிக்கெட்டைக் கம்பெனியே போட்டுவிடும். என் அத்தை மகள் ஆழ்கடல் சேற்றில் வாழும் புழுக்களை ஆராய்கிறாள். 2025 ஜனவரியில் ஹாங்காங்கில் நடந்த ஆழ்கடல் உயிரியல் கருத்தரங்குக்குப் போக, அவள் வளையலை அடகு வைக்க வேண்டியிருந்தது. "முதல்ல போயிட்டு வாம்மா, ரசீது குடு, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள் அவள் படிக்கும் இடத்தில். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிற பெண் 'முதல்ல' எங்கிருந்து போவாள்?

ஆன்லைனில் கேட்டால் போதாதா என்பார்கள். போதாது. இந்தத் துறையில் யாருக்கும் சொந்தக் கப்பல் கிடையாது. அடுத்த பயணத்தில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்பது டீ இடைவேளையில்தான். ஒரு புழுவின் முள்மயிரைப் பார்த்தே இனம் சொல்லக்கூடியவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் சிலர்தான். அவள் போஸ்டர் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா லேப்டாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நீ எழுதியிருக்கிற பேரினம் இது இல்லை, சாம்பிள் அனுப்பு" என்றாராம். இரண்டு வருஷம் மெயில் அனுப்பியும் கிடைக்காத பதில், பத்து நிமிஷத்தில்.

இதெல்லாம் நம்மைப் போன்ற நாட்டுக்கு ஆடம்பரம் என்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்கட்டும். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக முண்டுகளைத் தேடும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. நிக்கல், கோபால்ட், மாங்கனீசு. தண்டலத்தைத் தாண்டிப் போகிற கம்பெனி பஸ்கள் ஆளிறக்கும் ஆலைகளில் போனும் வண்டியும் தயாராகின்றனவே, அந்தத் தொழிலின் பேட்டரிப் பசிக்கான உலோகம் இது. 2021-ல் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒதுக்கியது 4,077 கோடி ரூபாய். பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி. அதே வருஷம் வராஹா எந்திரத்தை 5,270 மீட்டருக்கு இறக்கிச் சோதித்தது. 2025 ஆகஸ்டில் பிரான்ஸின் நாட்டில் கலத்தில் நம்மவர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து இறங்கினார்கள். ஒருவர் என்.ஐ.ஓ.டி. விஞ்ஞானி, அவர் 4,025 மீட்டர். மற்றவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, அவர் 5,002 மீட்டர். பெருமைதான், மறுக்கவில்லை. திட்டத்தில் உயிரினங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த முண்டு பத்து லட்சம் வருஷத்தில் சில மில்லிமீட்டர்தான் வளரும். அதன் மேல் ஒட்டி வாழ்கிற உயிர்களுக்கு அதை எடுத்த பிறகு வேறு வீடு கிடையாது. பசிபிக்கில் இதே மாதிரி முண்டுப் பரப்பில் கண்ட ஐயாயிரத்துச் சொச்சம் இனங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. நம் பகுதியில் என்ன இருக்கிறது, எது போனால் திரும்பாது என்று யார் சொல்வது? தோண்டுகிறவரே சொல்லட்டும் என்று விட்டுவிடுவதா?

1958-லிருந்து பதிவான ஆழ்கடல் முக்குளிப்புகளை ஒரு குழு எண்ணி 2025-ல் வெளியிட்டது. மனிதக் கண் பார்த்தது ஆழ்கடல் தரையில் 0.001 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் 97 சதவீதம் அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்ற ஐந்து நாடுகளின் வேலை. 'ஆழ்கடல் இப்படித்தான்' என்று பாடப்புத்தகம் சொல்வது அவர்கள் வீட்டு வாசல் கடலைப் பார்த்துச் சொன்னது. நம் சேற்றைச் சலிக்கிற பெண் அந்த அறையில் இல்லாவிட்டால், நம் கடலைப் பற்றியும் அவர்களே ஊகித்து எழுதிக்கொள்வார்கள்.

ஒரகடம் சாலையில் லாபத்தின் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கென்று செலவழித்தாக வேண்டிய கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. மரம் நட்டு, மரத்தைவிடப் பெரிய போர்டு வைக்கிறார்கள். அதில் ஒரு துளியை எடுத்து வருஷத்துக்கு நாலு மாணவர்களுக்கு முன்பணமாக டிக்கெட் போட்டுக் கொடுங்கள். ரசீதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.