எஞ்சின் நின்றால் விமானம் விழாது



மலர் என்றால் கவிதை இருக்கும், கடி ஜோக் இருக்கும். நடுவிலே எஞ்சின் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அஞ்சு நிமிஷம் கொடுங்கள், போதும்.

2025 நவம்பரில் திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், அம்மாசத்திரம் அருகே ஒரு சிறிய பயிற்சி விமானம் அவசரமாகத் தரையிறங்கியது. வானில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம். உயிர்ச்சேதம் இல்லை. படத்தைப் பார்த்த நம்மாட்கள் பலர் "லக்குப்பா" என்றார்கள். அதிர்ஷ்டமும் இருக்கலாம். ஆனால் விமானிக்கு முதல் நாளிலிருந்து சொல்லிக் கொடுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை நம் பாலிடெக்னிக் லேபுக்கும் வரவேண்டும் என்பதே என் வாதம்.

வரிசை இதுதான்: முதலில் விமானத்தை ஓட்டு. அடுத்து, இறங்க இடம் பார். அப்புறம்தான் பழுதைத் தேடு, ரேடியோவில் பேசு.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல் மாதிரி விழும் என்று நினைக்கிறோம். அது தப்பு. செஸ்னா 172 போன்ற சிறு விமானம் எஞ்சின் இல்லாமலே 1 அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். 3000 அடி உயரத்தில் நின்றுபோனால் சுமார் 8 கிலோமீட்டர், அதாவது மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற தூரம். கையில் இருப்பது ஏறக்குறைய 4 நிமிடம். இதற்கு ஒரே நிபந்தனை, வேகத்தை மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டரில் பிடித்து வைக்கவேண்டும். பயத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், இறக்கை தாங்காது, 'ஸ்டால்' ஆகிவிடும். எஞ்சின் நின்றதால் சாகாதவன் பதற்றத்தால் சாவான்.

இடம் பார்ப்பதிலும் கணக்கு இருக்கிறது. நம்ம மதுரைச் சீமையை மேலிருந்து நினைத்துப் பாருங்கள். யானைமலை, நாகமலைப் பக்கம் போகக்கூடாது. நீர் நிறைந்த கண்மாயில் சக்கரம் பட்டால் விமானம் குப்புறக் கவிழும். ரோடு நேராகத் தெரியும். மின்கம்பியும் லாரியும் கிட்டே போனால்தான் தெரியும். அறுவடை முடிந்த காய்ந்த வயல் நல்லது, வரப்பை ஒட்டியே நீளவாக்கில் இறங்கினால்! காற்று எந்தப் பக்கம் என்பதைச் செங்கல் சூளைப் புகை சொல்லும். மணிக்கு 90 கிலோமீட்டரில் தரை தொடுகிற விமானம், 30 கிலோமீட்டர் ஆடிக்காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைப் பொறுத்தமட்டில் வேகம் 60தான். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? அடியின் பலம் பாதிக்கும் கீழே வந்துவிடும். முதலாம் ஆண்டு பிசிக்ஸ் உயிர் காப்பாற்றுகிற இடம் இது.

இதெல்லாம் ஆன பிறகே பழுது. பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா? இன்னொரு டேங்கில் இருக்கிறதா? மேக்னெட்டோ இரண்டும் ஆனில் உள்ளதா? கார்புரேட்டரில் ஐஸ் கட்டியதா? சிரிக்காதீர்கள், மழைக்கால ஈரக்காற்றில், வெளியே 25 டிகிரி இருந்தாலும் வெஞ்சுரிக்குள் ஐஸ் கட்டும். அதற்காகவே சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு கைப்பிடி இருக்கிறது. ஒன்றும் பலிக்கவில்லையா? 121.5 மெகாஹெர்ட்ஸில் 'மே டே' சொல்லிவிட்டு, தரை தொடும் முன் பெட்ரோலையும் மேக்னெட்டோவையும் அணைத்து, கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட வேண்டும்.

"நமக்கெதுக்குப்பா? விமானம் ஓட்டப் போறவன் பணக்கார வீட்டுப் பிள்ளை" என்று கேட்கிற நண்பருக்கு ஒரு வரலாறு. 1930-ல் ஆகாகான் பரிசுக்காக இங்கிலாந்திலிருந்து தனியே பறந்து வந்த ஆஸ்பி எஞ்சினியர், எகிப்தின் அபூகீரில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டார். எதிர்த்திசையில் போட்டிக்குப் பறந்துவந்த ஜே.ஆர்.டி. டாட்டா தன் உபரி பிளக்குகளைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்கே போனது. பின்னாளில் அவர் இந்திய விமானப்படைத் தளபதியும் ஆனார். பெரிய மனது ஒரு பக்கம் இருக்கட்டும். கண்டம் தாண்டுகிற பயணத்தைத் தடுத்ததும் ஒரு பிளக்தான், தொடர வைத்ததும் ஒரு பிளக்தான். அந்த பிளக்கைத் துடைத்து மாட்டப் போகிற கை நம்முடையது. விமானம் வேண்டாம், பாய்லர், லிஃப்ட், பஸ் பிரேக் எதுவானாலும், முதலில் ஆபத்தைக் கட்டுப்படுத்து, பிறகு பழுதைத் தேடு என்பதே விதி.

நம் லேபில் என்ன செய்கிறோம்? ஓடுகிற எஞ்சினில் மோர்ஸ் டெஸ்ட் செய்து, ரெக்கார்டு நோட்டில் அட்டவணை போட்டு, கையெழுத்து வாங்குகிறோம். நின்றுபோன எஞ்சினுக்கு மார்க்கே இல்லை! வேலைக்குப் போனால் நம்மைக் கூப்பிடுவதே நின்றுபோன எஞ்சினுக்குத்தான்.

ஆகவே பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் கோரிக்கை: ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு லேப் வகுப்பில் வேண்டுமென்றே ஒரு பழுது வையுங்கள். பெட்ரோல் குழாயை அடையுங்கள். பிளக் ஒயரைக் கழற்றுங்கள். எங்களுக்கு 4 நிமிடம் கொடுங்கள். பழுதைக் கண்டுபிடித்ததற்குப் பாதி மார்க், பதறாமல் வரிசையாகப் பார்த்ததற்குப் பாதி மார்க். இதற்குப் பைசா செலவில்லை.

நண்பர்களே, இதைப் பேரவைக் கூட்டத்தில் கேட்போம். கை நடுங்காமல் பழகிக்கொள்ள, தரையில் இருக்கும்போதுதான் நேரம் இருக்கிறது.