படியைச் சரிபார்த்தீர்களா?

அண்மையில் ஒரு விடுமுறையில் ஏற்காட்டில் நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். நாங்கள் மூவர், மூவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். இலக்கியத்தில் தொடங்கிய பேச்சு, நண்பரின் பழைய மடிக்கணினியில் வந்து நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத அக்கணினியைக் கழித்துக்கட்டுவதா, லினக்ஸ் நிறுவிக் காப்பதா என்பதே கேள்வி.

உபுண்டுவின் ஐஎஸ்ஓ எனப்படும் வட்டுப் படிமக் கோப்பை இரவில் தரவிறக்க விட்டோம். மலைமேல் இணையம் பலமுறை அறுந்தது. காலையில் கோப்பு இருந்தது. பென்டிரைவில் எழுதி நிறுவத் தொடங்கினோம். பாதியில் பிழைச்செய்தி. மீண்டும் முயன்றோம், அதே இடத்தில் அதே செய்தி. வன்தட்டு பழுது என்றார் ஒருவர். லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்றார் மற்றவர். அரைநாள் கழிந்த பிறகே, கையிலிருக்கும் படி சரியானதுதானா என்ற ஐயம் எழுந்தது.

படிமத்தை வெளியிடுவோர் அதனுடன் 64 குறிகள் கொண்ட ஷா-256 சரிபார்ப்புத் தொகையையும் வெளியிடுகின்றனர். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் தொகை முற்றிலும் வேறாகிவிடும். லினக்ஸில் ஷா256சம், விண்டோஸில் செர்ட்யூட்டில் என்னும் கட்டளை அதைக் கணக்கிட்டுத் தரும். எங்கள் தொகை பொருந்தவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கிப் புதிதாகத் தரவிறக்கினோம். தொகை பொருந்தியதைக் கண்ட பின்னரே மலையேறினோம். அன்று மாலையே நிறுவல் தடையின்றி முடிந்தது.

வெட்கம் இதில்தான். உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். ஏடு பெயர்த்தெழுதியவரின் கைப்பிழையை நூலாசிரியர்மேல் ஏற்றலாகாது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். நம் மேசைக்கு வந்ததும் படியின் பிழையை மூலத்தின்மேல் ஏற்றினோம்.

சரிபார்ப்பு எல்லாப் பிணிக்கும் மருந்தன்று. படிமத்தைப் பென்டிரைவில் வெறும் கோப்பாக நகலெடுத்து வைத்தால் பெரும்பாலும் கணினி அதிலிருந்து துவங்காது. உரிய கருவியால் படிமமாகவே எழுத வேண்டும். தொகையையும் வெளியீட்டாளரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். பிழையான ஏட்டின் இரு நகல்கள் ஒத்திருப்பதால் பாடம் திருந்திவிடாது.

ஆயினும் முதற்படி இதுவே. தமிழில் நாம் கண்ட வழிகாட்டிகள் பலவும் இதைத் தாண்டி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதிலேயே தொடங்குகின்றன. பிழைச்செய்தியின் முன் தனித்து நிற்பவர், 'இது நமக்கு ஆகாது' என்று முடிவுகட்டிவிடுகிறார். நன்றாக உழைக்கக்கூடிய கல்லூரிக் கணினிகள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. மென்பொருள் வல்லுநர் எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மூலத்தோடு ஒப்புநோக்குதல் நம் தொழில். அந்த முதற்பக்கத்தை எழுதும் கடமையும் நம்முடையதே.