கெட்டது எழுத்தல்ல

“பழைய ஃபைல் சார், எழுத்தெல்லாம் கெட்டுப்போச்சு” என்று அலுவலகங்களில் கையை விரிக்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். கணினி வைத்திருப்பது வெறும் எண்கள். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணைதான் சாவி. 1999-இல் தமிழக அரசு ஏற்றது டாம், டாப், 2010-இல் யூனிகோடு. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ‘புதுக்கோட்டை’ 36 பைட். அதைப் பழைய எழுத்துருவின் அட்டவணையால் பிரித்தால் கிறுக்கல்தான் வரும். நான் படித்த பிரெஞ்சிலும் தலைக்குறி போட்ட எழுத்துகள் இப்படித்தான் சிதறும்.

பிரித்துத் தரும் நிரல்கள் பைத்தானில் இலவசம். எந்த அட்டவணை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சித்தன்னவாசல் பிராமிக் கல்வெட்டை இன்றும் வாசிக்கிறோம். இருபது வருடத்துக் கோப்பை முடியாதாம்! அதில் யாரோ ஒருவருடைய பென்ஷன் இருக்கிறது, ஐயா. கோப்போடு எழுத்துருவின் பெயரையும் எழுதி வையுங்கள். இண்டெக்ஸ் இல்லாத ரெக்கார்டு ரூமை எந்த மேலதிகாரி பொறுப்பார்? கணினிக்கு மட்டும் ஏன் சலுகை?