இரைச்சல் என்று தீர்ப்பெழுதும் முன்



"இக்காலத்துத் திரையிசை வெறும் இரைச்சல். எல்லாம் கணினியின் வேலை. அக்காலத்து இசையே இசை!" ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. இதனை நான் வன்மையாக மறுக்கிறேன்.

இதற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது 'விக்ரம்' படத்தை. 1986-இல் சுஜாதாவின் கதையில், கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடிச் செல்லும் உளவாளியைப் பற்றிய அறிவியல் சாகசமாக அப்படம் வந்தது. இசை இளையராஜா. அதே பெயரையும் உளவாளியையும் லோகேஷ் கனகராஜ் 2022-இல் மீட்டெடுத்தபோது இசை அனிருத். "முன்னது வாத்தியம், பின்னது இயந்திரம்" என்கின்றனர்.

உண்மை என்ன? 1986-ஆம் ஆண்டின் 'விக்ரம்' தலைப்புப் பாடலே சிந்தசைசர் ஒலிகளால் கட்டப்பட்டது. அதே ஆண்டில் 'புன்னகை மன்னன்' படத்திலும் இளையராஜா கணினி இசையைக் கையாண்டார். 8-3-2025 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தம் சிம்பொனியை அரங்கேற்றியவரும் அவரே. ஆக, இயந்திரம் என்பது குற்றச்சாட்டே ஆகாது.

அப்படியானால் புதிய படத்தின் பின்னணி இசையில் குறையே இல்லையா? உண்டு. பெருஞ்சத்தத்தைத் தாங்க இயலாத இதய நோயுள்ள ஒரு பச்சிளங்குழந்தை அக்கதையின் நடுவே இருக்கிறது. அக்குழந்தைக்காக நாயகன் சத்தத்துக்கு அஞ்சுகிறான். பின்னணி இசையோ பெரும்பாலும் அடங்க மறுத்து முழங்குகிறது. மௌனம் கதையைச் சொல்லியிருக்கக்கூடிய இடங்களை அம்முழக்கம் விழுங்கிவிடுகிறது. இது காரணத்தோடு கூடிய குறை. 'இரைச்சல்' என்ற ஒற்றைச் சொல்லோ காரணம் தேடும் உழைப்பைத் தவிர்க்கும் வழி.

அச்சொல் நமக்குப் புதிதன்று. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் முழங்கிய தப்பையும் இப்படித்தான் ஒதுக்கினோம். சாவு வீட்டுக்கு வேண்டும், மேடைக்கு ஆகாது என்றோம். அத்தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயன்கள் மறைந்தன. தப்படித்த பெரியவர்களிடம் எந்த அடி எதற்கு என்று கேட்டு வைத்துக்கொண்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் ஊதக் கற்பிக்கிறோம், கேட்கக் கற்பிக்கிறோமா? ஒரு காட்சியை முதலில் ஒலியின்றியும் பிறகு ஒலியோடும் காட்டுங்கள். இசை எங்கே தொடங்கியது, எங்கே நின்றது, அது இல்லாதபோது காட்சியில் எது குறைந்தது என்று கேளுங்கள். நான்காம் ஆண்டு மாணவனும் விடை சொல்வான். அவ்விடை நம் கருத்துக்கு மாறாக இருக்கலாம். காரணம் சொன்னால் ஏற்போம்.

நாம் முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிட்டால், அவன் அந்த இசையைத் தொடர்ந்து கேட்பான். அதைப் பற்றி நம்மிடம் மட்டும் பேச மாட்டான்.