ராத்திரி எங்கே தூங்கும் என்று கேளுங்கள்

கடல் மீன் வாங்க வருகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி. "என்ன விலை?", "சண்டை போடுமா?" இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அதெல்லாம் போடாது சார், எல்லாத்தோடயும் இருக்கும்." புதுச்சேரியில் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் கண்ணாடித் தொட்டி வைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். எனக்கு வரும் வேலையில் பாதி அந்தப் பதிலால் வருவதுதான். இருந்தும் சொல்கிறேன், அந்தப் பதிலோடு மீன் விற்பது நிற்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் அது எவ்வளவு வளரும், எதைத் தின்னும், எங்கே தூங்கும், எந்தக் கடலில் பிடித்தது என்று நாலு வரி எழுதித் தொட்டியில் ஒட்ட வேண்டும். மீன்வளத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தூக்கத்தையெல்லாமா எழுதி ஒட்டுவார்கள் என்று தோன்றலாம். ராஸ் என்று கடைகளில் சொல்லும் மீன் குடும்பத்துக்கு அதுதான் முதல் விஷயம். அதில் 500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில நடுவிரல் நீளத்தோடு நின்றுவிடும். நெப்போலியன் ராஸ் ஆளுயரம் வரும். வீட்டுத் தொட்டிக்கு வருகிறவற்றை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். மணலுக்குள் புதைந்து தூங்குபவை, பாறை இடுக்கில் தூங்குபவை. கேனரி, செக்கர்போர்டு என்றெல்லாம் விற்கிற ஹாலிகோரஸ் வகைகள், லெப்பர்ட் ராஸ், கோரிஸ் எல்லாம் மணல் கட்சி. ஃபேரி, ஃபிளாஷர், சிக்ஸ்லைன் மூன்றும் பாறைக் கட்சி. இவை உடம்பைச் சுற்றி வழவழவென்று ஒரு கூட்டை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் தூங்கும். காலையில் அது கிழிந்து மிதப்பதைப் பார்த்துவிட்டு, "மீனுக்குத் தோல் உரியுது, என்னன்னு வந்து பாருங்க" என்று எனக்குப் போன் வருவதுண்டு.

மணல் கட்சிக்கு மணல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சாயங்காலத்தில் பார்க்க வேண்டும். விளக்கை அணைப்பதற்கு முன்னாலேயே மீனுக்குத் தெரிந்துவிடும். தொட்டியின் ஒரு மூலையில் வட்டமடிக்கும், தலையைச் சாய்க்கும், சட்டென்று மூக்கை முன்னால் கொடுத்து உள்ளே பாயும். அடியில் பொடி மணல் இருந்தால் ஒரு நொடியில் ஆளைக் காணோம். நம் ஊர்க் கடைகளில் அழகுக்கென்று போட்டுக் கொடுப்பது பட்டாணி அளவு பவளச் சில்லு. அதில் பாய்ந்த மீனுக்கு உதடு கிழியும், பக்கவாட்டில் செதில் பெயரும், அந்தக் காயத்தில் சீழ் பிடித்துச் சில நாளில் முடிந்துவிடும். வாங்கினவர் தண்ணீரைச் சந்தேகப்படுவார், தீனியைச் சந்தேகப்படுவார். சில்லு மேல் சந்தேகமே வராது. இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், சர்க்கரை போன்ற பொடி மணல் போட வேண்டும். கடற்கரைச் சாலையில் அள்ளிக்கொண்டு வரலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அந்த மணலில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது பாறைக்கற்கள் மேல் உட்கார்ந்து காற்று வாங்கும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. புதிதாக வந்த மீன் பயத்தில் இரண்டு மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம்கூட, மணலை விட்டு வெளியே வராது. செத்துப் போச்சு என்று கரண்டியை விட்டுத் தோண்டுகிறார்கள். பயணத்தில் சாகாத மீன் கரண்டியில் சாகிறது.

வளர்த்தி விஷயத்தில் நடக்கும் ஏமாற்று இதைவிட மோசம். கோரிஸ் வகையின் குஞ்சு சுண்டுவிரல் அளவில், ஆரஞ்சு நிற உடம்பில் கறுப்புக் கரை கட்டிய வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். சினிமா பார்த்த குழந்தைகள் அதை நீமோவுக்குத் தம்பி என்று நினைத்துக் கையைக் காட்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுத் தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். ரீயூனியன் தீவில் வேலை பார்த்தபோது கடலில் பார்த்த மீன் என்று ஆசையாக அந்தக் குஞ்சை வாங்கிப் போட்டிருந்தார். சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்.

"இத்தினிக்காணு மீன் தம்பி, கல்லைப் பூரா புரட்டிப் போடுது. நத்தை ஒண்ணுகூட மிச்சமில்ல."

"இன்னும் வளரும் மிசே. ஒரு முழம் கிட்ட வரும்."

"அப்ப தொட்டிய மாத்தணுமா?"

"மீனை மாத்தணும்."

அவர் வீட்டில் இருப்பது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. கிட்டத்தட்ட 250 லிட்டர். பாண்டியில் கடல் மீன் வளர்ப்பவர்களில் பலரிடம் இருப்பது இந்த அளவுதான். 40 சென்டிமீட்டர் மீனுக்கு அது தங்கும் இடமில்லை, திரும்பும் இடம்கூட இல்லை. "கடல்ல விட்டுடட்டுமா?" என்று கேட்டார். அதையும் வேண்டாம் என்றேன். எங்கோ பிடித்த மீனை இங்கே விடுவது புண்ணியம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல்களில் சாதுவாக இருக்கும் சிங்கமீன் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1980களில் தலைகாட்டி, இன்று கரீபியன் கடல் முழுக்கக் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. தொட்டி வளர்ப்பவர்கள் கடலில் விட்டதுதான் ஆரம்பம் என்று அங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

சண்டைக் கணக்கு தனி. ஆறு கோடு போட்ட சிக்ஸ்லைன் ராஸ் மூன்று அங்குலம்தான். முதலில் உள்ளே விட்டால் தொட்டி அதற்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அடுத்து வரும் ஃபேரி ராஸை மூலையில் ஒடுக்கி, தீனிக்கு வரவிடாமல் கொன்றுவிடும். ஆகவே சாது முதலில், முரடு கடைசியில். ஒரே உருவம், ஒரே நிறச் சாயல் உள்ள இரண்டு ராஸை ஒன்றாக வைக்காதீர்கள். மணல் கட்சியில் ஒன்று, பாறைக் கட்சியில் ஒன்று என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரே வகையில் ஜோடி வேண்டுமென்றால் இரண்டையும் சின்னதாக வாங்குங்கள். ராஸ்கள் பெண்ணாக இருந்து ஆணாக மாறக்கூடியவை. பெரியது தானாக ஆணாகிவிடும். இரண்டு ஆணை வாங்கிப் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். முரடு பிடிக்கிற மீனுக்கு நான் செய்யும் வைத்தியம், தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவைப்பது. அது தன் பிம்பத்தோடு மல்லுக்கு நிற்கும் நேரத்தில் புது மீன் இடம் பார்த்துக்கொள்ளும்.

மற்ற கூட்டாளிகளில் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஜோடிதான் என் முதல் சிபாரிசு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், நமக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டி வருடக்கணக்காகிவிட்டது. அது தொட்டியில் பிறந்து தொட்டித் தீனி தின்று வளர்ந்தது. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த டோமினோ மலிவாகக் கிடைக்கிறதென்று முதலில் வாங்கிப் போடுவதுதான் ஊர் வழக்கம். வளர்ந்தபின் அது பண்ணும் ரவுடித்தனத்தில் சிக்ஸ்லைனே தோற்கும். அழகு இறால் வைத்திருப்பவர்கள் மூன் ராஸ் பக்கம் போகவே வேண்டாம்; காலையில் மீசை மட்டும்தான் கிடைக்கும்.

தீனிக்கு வெளிநாட்டு டப்பா தேடி அலைய வேண்டியதில்லை. குபேர் அங்காடியில் பச்சை சென்னாக்குனி வரும் நாளில் வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் போதும். ராஸ் ஓயாமல் நீந்தும் மீன். ஒரு வேளை நிறையப் போடுவதைவிட மூன்று வேளை கொஞ்சமாகப் போடுவது நல்லது. மூடி கட்டாயம், ஏனென்றால் இந்தக் குடும்பம் முழுக்கத் துள்ளும். கண்ணாடி மூடி போட்டால் நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் சூடேறும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக் கொடுப்பவரிடம் தொட்டி அளவு சொன்னால் அலுமினியச் சட்டத்தில் வலை அடித்துத் தருவார். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கையில் இருக்கட்டும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, மின்சாரம் போன வீடுகளில் அது இருந்த தொட்டியும் இல்லாத தொட்டியும் எப்படி இருந்தன என்று பார்த்தவன் நான்.

இனி, விற்கவே கூடாது என்று நான் நினைக்கும் மீன். நீல உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் கிளீனர் ராஸ். மற்ற மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்று பிழைப்பது. "இதைப் போட்டா மத்த மீனுக்கு வியாதியே வராது" என்று சொல்லி விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் என்ற ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்ததில், ஒரு கிளீனர் ராஸ் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 பூச்சிகளைத் தின்கிறது. அதற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மீன்களைச் சோதிக்கிறது. நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது அஞ்சாறு மீன். முதல் வாரமே சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் அது பசியில் மற்ற மீன்களின் உடம்புப் பசையைக் கடிக்கும், அவை ஓடி ஒளியும், கடைசியில் வயிறு ஒட்டிச் சாகும். பிடித்த இடத்துக்கும் நஷ்டம். கிளீனர்களை அகற்றிய பவளத்திட்டுகளில் 18 மாதத்தில் மீன் வகைகள் பாதியாகக் குறைந்ததை அதே கிரட்டர் குழு 2003இல் எழுதியது. ஜப்பானில் ஒசாகாவில் 2019இல் இதே மீனின் தொண்டையில் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். அது கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தன் தொண்டையைத் தரையில் தேய்த்தது. சண்டைக்குப் போகிற சிக்ஸ்லைன் எங்கே, இது எங்கே. நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் பண்ணைகளில் பேன் எடுப்பதற்கென்றே வேறொரு ராஸ் வகையைக் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். நாம் வாங்கும் அழகு ராஸ்களோ அநேகமாக எல்லாமே கடலில் பிடித்தவை.

சட்டத்தால் சரிசெய்யப் பார்த்த கதையும் உண்டு. 2017இல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் போட்டு, கோமாளி மீன் உட்பட 158 வகைகளை விற்கத் தடை என்றது. தொட்டியில் பிறந்ததற்கும் பவளத்திட்டில் பிடித்ததற்கும் ஒரே தடை. சென்னைக் கொளத்தூரின் அலங்கார மீன் வியாபாரிகள் கொதித்ததில் நியாயம் இருந்தது. விதிகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. பவளமும் கடல்குதிரையும் 2001இல் புலிக்கு உள்ள பாதுகாப்புப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டன. அதனால் மன்னார் வளைகுடாப் பவளக்கல்லை 'லைவ் ராக்' என்று யாராவது ரகசியமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஜெயில் கதை. ஆனால் மீன்களைப் பொறுத்தவரை, ஒரேயடியாகத் தடை அல்லது எதுவுமே இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை. நான் கேட்கும் நாலு வரிச் சீட்டு அந்த நடுவில்தான் நிற்கிறது.

இது புதுச்சேரிக்குப் புதிதும் அல்ல. 1816இல் இங்கே வந்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கடலின் மீன்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். குவியே, வலான்சியேன் என்ற விலங்கியலாளர்கள் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வெளியிட்ட மீன் நூலில், புதுச்சேரி மீன்களுக்கு நம் ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்ற குறிப்பும் அவர் வழியாகவே ஏறியிருக்கிறது. செத்த மீனோடு அத்தனை விவரம் கப்பலேறிப் போயிருக்கிறது. இன்று உயிர் மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறவர் வாயைத் திறப்பதில்லை.

இதைச் சொன்னபோது தெரிந்த கடைக்காரர் ஒருவர், "அப்படி எழுதிப்போட்டா கோரிஸையும் கிளீனரையும் யாரும் வாங்க மாட்டாங்க அண்ணே" என்றார். ஆமாம், வாங்க மாட்டார்கள். அதற்குப் பதில் கோமாளி ஜோடியும் ஒரு கேனரி ராஸும் அதற்கு வேண்டிய பொடி மணலும் கொசுவலை மூடியும் வாங்குவார்கள், மீன் சாகாததால் அடுத்த மாதமும் கடைக்கு வருவார்கள். விவரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இறக்குமதிப் பெட்டியோடு வரும் பட்டியலில் ஒவ்வொரு மீனின் பெயரும் அளவும் அச்சடித்தே வருகிறது. பெயர் தெரிந்தால் வளர்த்தி, தீனி, தூக்கம் மூன்றும் கைபேசியில் கிடைக்கும்; எந்தக் கடல் என்பதை அனுப்பியவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கடையின் தொட்டிகள் முழுவதற்கும் எழுதி ஒட்ட ஒரு மத்தியானம் போதும்.