கருவி காட்டும் எண்

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிதல், மகப்பேற்றால் இடுப்படித் தசைகள் தளர்ந்த பெண்டிர் பலர் நாணத்தால் மறைத்து வாழும் துன்பமாகும். அத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாமென லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் எழுதினார். பெண்ணின் பிறப்புவழியில் வைத்த காற்றுறையைத் தசை இறுக்கும் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பெரினியோமீட்டர் என்னும் கருவியையும் அவரே ஆக்கினார். கண்ணுக்குப் புலனாகாத முயற்சியைக் கண்முன் காட்டுதல் அதன் சிறப்பு.

ஆயினும், அக்கருவி அறிவது அழுத்தத்தையே. அவ்வழுத்தம் எங்கிருந்து வந்ததென்பதை அஃது அறியாது. மூச்சை அடக்கி முக்கினும் முள் உயரும். முக்குதலோ தசையைக் கீழ்நோக்கித் தள்ளுவது. உரிய பயிற்சி அதனை உள்ளும் மேலுமாக இழுப்பது. பிழைபடச் செய்பவள் ஏறும் எண்ணைக் கண்டு மகிழ்ந்து, தன் துன்பத்தையே மிகுவித்துக்கொள்ளவும் கூடும். இஃது எத்துணை இரங்கத்தக்கது!

அளவுகளை ஒப்பிடுவதிலும் விழிப்பு வேண்டும். ஒரு கருவி பாதரச மில்லிமீட்டரிலும், மற்றொன்று நீர்ச் சென்டிமீட்டரிலும் காட்டும். முன்னதில் 10 என்பது பின்னதில் ஏறத்தாழ 13.6 ஆகும். உறையின் பருமனும் வைக்கும் ஆழமும் மாறினும் எண் மாறும். ஆதலின், ஒருத்தியின் முன்னேற்றத்தை ஒரே கருவியால், உடலை ஒரே நிலையில் வைத்து அளத்தலே முறை.

பயிற்சி பெற்றார் ஒருவர், தசை உள்ளிழுக்கப்படுவதை முதற்கண் பார்த்தும் தொட்டும் உறுதிசெய்தல் வேண்டும். அதன் பின்னரே எண்ணுக்குப் பொருள் உண்டு. அவ்வுறுதியின்றிக் கருவியை மட்டும் பெண்ணின் கையிற் கொடுத்து அனுப்புதல் தகாது என்பதே எம் கருத்து.