சும்மா அடிப்பதில்லை

போன வாரம் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குப் போனேன். அமோனியா கசிவைப் பார்க்கும் பேனலில் பஸ்ஸர் மேல் பழுப்பு டேப்பை நாலு சுற்று ஒட்டி வைத்திருந்தார்கள். மஞ்சள் ஃபால்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷிஃப்ட் ஆபரேட்டரைக் கேட்டேன். "அது சும்மா அடிக்கும் சார். சென்சார் போயிருச்சு. ரீசெட் பண்ணா நின்னுடும்."

இருபது வருடமாக ஆலைக்கு ஆலை இதே பேச்சு. கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சென்சார் 4 மில்லி ஆம்பியர் அனுப்பினால் வாயு இல்லை. 20 அனுப்பினால் அளவின் உச்சம். 4-க்கு வெகு கீழே போனால் ஒயர் அறுந்திருக்கிறது, இல்லை சென்சார் செத்திருக்கிறது. அதைத்தான் மஞ்சள் விளக்கு சொல்கிறது. காவல்காரன் மயங்கிக் கிடக்கிறான் என்று சேதி வந்தால் "சும்மா" என்பீர்களா?

பேனலின் பதிவைத் திறந்தேன். ஒன்பது நாளாக அதே சென்சார், விடிகாலை 4 மணி வாக்கில் ஃபால்ட். ஒவ்வொன்றுக்கும் கீழே ரீசெட். கம்ப்ரஸர் அறையில் ஜங்ஷன் பாக்ஸைக் கழற்றினோம். மூடியின் உள்ளே நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது, டெர்மினல் பச்சை பூத்துப் போயிருந்தது. டெர்மினலை மாற்றி, தளர்ந்திருந்த கேபிள் கிளாண்டை இறுக்கியதும் ஃபால்ட் போய்விட்டது. பதிவை வரிசையாகப் படித்திருந்தால் மூன்றாம் நாளே பிடிபட்டிருக்கும்.

போபாலிலும் இதே நினைப்புதான். 1984 டிசம்பர் 2, இரவு 11 மணி. யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் தொட்டியில் அழுத்தம் 2 psi-யிலிருந்து 10 psi-க்கு ஏறியதை மீட்டர் காட்டியது. யாரும் பதறவில்லை, அங்கே மீட்டர்கள் தப்பாகக் காட்டுவது பழகிப்போன விஷயம். கண் எரிகிறது என்று தொழிலாளிகள் சொன்னபோதும், டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். குளிரூட்டும் கருவியை ஜூனிலேயே நிறுத்திவிட்டதால் வெப்பநிலை அலாரமும் பயனற்றுக் கிடந்தது. மீட்டர் சொன்னது உண்மை. ஊர் செத்தது. இதற்குப் பிறகும் சும்மா அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் எனக்குப் போபால்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. டெஸ்ட் வாயுவைக் காட்டாமலே காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எரிவாயுவைப் பார்க்கும் வினையூக்கி சென்சார் பக்கத்தில் சிலிக்கோன் ஸ்பிரே பட்டாலே அது செயலிழக்கும். அப்போது ஃபால்ட்கூட வராது. கசிவுக்கு நடுவிலும் பூஜ்யத்தையே காட்டும். ஸ்டிக்கரா அதைக் கண்டுபிடிக்கும்?

கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவருக்கு இப்படி ஒரு வாயு சென்சாரும் கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. செத்தால் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயிரோடு இருக்கும்போது இடுப்பில் மாட்ட ஒரு மானிட்டர் வாங்கித்தர ஆளில்லை.

கிளம்பும்போது மேலாளர் தனியே கூப்பிட்டார். அடுத்த வாரம் ஆடிட்டாம், அந்தப் பழைய பதிவுகளை அழித்துத்தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஒன்பது நாள் பதிவையும் தேதி போட்டு அவர்களுடைய பராமரிப்பு ரெஜிஸ்டரிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.